குளிருகிற ஊரில் வேர்க்கிறவர்கள்

(நடுவயது நீலகிரி வாசகியருக்கான கேள்வி–பதில். நகைக்கடன் வட்டி பற்றிக் கேட்டால் பெயர், தெரு, செல் நம்பர் எல்லாம் எழுதி அனுப்புகிற நம் ஆட்கள், மனசைப் பற்றிக் கேட்டால் மட்டும் ‘பெயர் வேண்டாம்’ என்று இரண்டு கோடு போட்டு அனுப்புகிறார்கள். ஆகவே ஊர் மட்டும்.)

மன அமைதி தேடி ஊரே ஊட்டிக்கு வருகிறது. ஊட்டியிலேயே இருக்கிறவள் மன அமைதிக்கு எங்கே போவது?
– வாசகி, உதகை

மேட்டுப்பாளையம் வரை இறங்கிப் போய், பஸ் ஸ்டாண்டு வெயிலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். வீடு இனிக்கும்!

கேலி இருக்கட்டும். ஜான் சல்லிவன் 1820-களில் இங்கே வீடு கட்டியதே, சமவெளிச் சூட்டில் வாடிய வெள்ளைக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஒரு மலை வேண்டும் என்றுதான். அவருடைய மனைவி ஹென்ரியட்டா 1838-இல் இறந்து, இதே ஊரில் புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறையில் இருக்கிறார். காற்று நல்ல காற்றுதான். காற்று மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை.

அன்றிலிருந்து இந்த மலையின் தொழிலே வந்தவருக்கு ஓய்வு கொடுப்பது. லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுவது, கேரட் பிடுங்குவது, கொழுந்து கிள்ளுவது, வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களை பொட்டானிக்கல் கார்டனுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் திரும்புவதற்குள் சோறு வடிப்பது என்று பெரும்பகுதி உங்கள் வயசுப் பெண்கள் தலையில். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் மேலே வர இ-பாஸ் வேண்டும். நீங்கள் உங்கள் சமையலறையைவிட்டு வெளியே வர எத்தனை பேரிடம் பாஸ் வாங்குகிறீர்கள்? முதலில் அதை ரத்து செய்யுங்கள். போகிற இடம் தானாகத் தெரியும்.

டிசம்பர் மாதம். தலைக்குந்தாவில் புல் மேல் உறைபனி. வீட்டில் எல்லோரும் ஸ்வெட்டர், குல்லா. எனக்கு மட்டும் ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது. ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்காரர் ‘பைத்தியமா உனக்கு?’ என்கிறார். எனக்கு வயது 48.
– வாசகி, உதகை ஃபிங்கர்போஸ்ட்

பைத்தியம் இல்லை, ஈஸ்ட்ரோஜன். மூளையில் ஹைபோதாலமஸ் என்று ஓர் இடம். உடம்பின் சூட்டைச் சரிபார்ப்பது அதன் வேலை. மாதவிலக்கு நிற்கப்போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டுவதால், அந்தக் காவல்காரருக்குப் பொறுமை குறைந்துபோகிறது. அரை டிகிரி கூடினாலே ‘தீ, தீ’ என்று கத்தி, தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி வேர்வையைத் திறந்துவிடுகிறது. வெளியே உறைபனியா, சித்திரை வெயிலா என்று அதற்குக் கவலையில்லை.

மாதவிலக்கு தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். ஆனால் அதற்குச் சில வருடம் முன்பே கூத்து தொடங்கிவிடும். நடு ராத்திரி வேர்வையில் தூக்கம் உடைகிறது. உடைந்த தூக்கத்தோடு ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறீர்கள். இது மாதக்கணக்கில் நடந்தால் எந்த மனுஷிக்கும் அழுகை தொண்டையிலேயே நிற்கும். மனசு கெட்டதால் தூக்கம் போனதா, தூக்கம் போனதால் மனசு கெட்டதா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்தே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரை சிலருக்கு நன்றாகக் கைகொடுக்கும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்குழாய் அடைப்போ வந்திருந்தவர்களுக்கு ஆகாது. அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். ராத்திரி எட்டு மணி டீயை நிறுத்துங்கள். தேயிலை மண்ணில் இருந்துகொண்டு இதை எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் நிறுத்துங்கள்.

வீட்டுக்காரருக்கு: இன்னொரு கம்பளி வாங்கிக்கொள்ளவும். ஜன்னல் திறந்தே இருக்கும்.

என் மனைவிக்கு 47 வயது. எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறாள். மெனோபாஸ் கோளாறுதானே?
– வாசகர், அருவங்காடு

எதைச் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே ஐயா!

ஹார்மோனுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் சொன்னது: மாதவிலக்கு நிற்கும் கட்டத்துக்குள் நுழையும் பெண்களுக்கு, அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுதல். இது பாதிக் கதை. மீதிக் கதை மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண் செலவிடுவது 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். அந்த 88-ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. பேப்பர் படித்தபடி ‘காபி ஆச்சா?’ என்றவர்கள் அதில் சேர்த்தி இல்லை.

2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, ‘உதவித்தொகை’ என்று சொல்லாமல் ‘உரிமைத்தொகை’ என்று பெயர் வைத்தது. கோட்டைக்கே புரிந்தது அருவங்காட்டுக்கு வந்து சேர நேரமாகிறது. ஒரு மாதம் ராத்திரிப் பாத்திரத்தை நீங்கள் கழுவிப் பாருங்கள். எரிச்சல் குறைந்தால் கோளாறு எங்கே இருந்தது என்று தெரியும். குறையாவிட்டால் நீங்களே கூடப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘அனுப்புங்கள்’ என்று எழுதவில்லை, கவனியுங்கள்.

அசதி, மறதி, எதிலும் பிடிப்பில்லை. ‘வயசாச்சில்ல, அப்படித்தான்’ என்கிறார்கள். அப்படித்தானா?
– வாசகி, கோத்தகிரி

‘வயசாச்சில்ல’ என்பது நோயின் பெயர் அல்ல. கேட்கிறவருக்குப் பொறுமை இல்லை என்பதன் பெயர். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை: தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12. தைராய்டு குறைந்தால் அச்சு அசல் மனச்சோர்வு போலவே இருக்கும். மெனோபாஸுக்கு முந்தைய வருடங்களில் உதிரப்போக்கு அதிகமானால் ரத்தசோகை வரும். அதுவும் ஆளைத் தள்ளும். சாப்பிட்டு முடித்த கையோடு டீ குடிக்கும் நம் மலைப்பழக்கம், சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் ஒட்டவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்தே கிடந்தால், அது சிகிச்சை உள்ள ஒரு நோய். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

டேன்டீயில் கொழுந்து எடுக்கிறேன். அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தபோது நான் கைக்குழந்தை. அங்கே எங்களை இந்தியாக்காரங்க என்றார்களாம், இங்கே சிலோன்காரங்க. ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். அதை நினைத்தால் நெஞ்சு அடிக்கிறது, தூக்கம் இல்லை. டாக்டர் ‘டென்ஷன்’ என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் வீடு வருமா?
– வாசகி, பந்தலூர்

வராது. நீங்கள் கேட்ட கேள்விக்கு எந்த மனநல மருத்துவரும் இதைவிட நேரான பதில் சொல்ல முடியாது.

உங்கள் நெஞ்சடிப்புக்கு ஒரு தேதியே இருக்கிறது: 1964 அக்டோபர் 30. அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த எண்களில் ஒன்று உங்கள் அம்மா. அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கி, 1976 முதல் டேன்டீ என்ற கழகமாக நடக்கிறது. ‘தாயகம் திரும்பியோர்’ என்று காகிதத்தில் பெயர். திரும்பிய தாயகத்தில் வீடு மட்டும் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. காட்டை வெட்டி நட்ட செடி தோட்டத்துக்கு, முதுகுவலி உங்களுக்கு, கூரை, வேலைப் பதிவில் பேர் போடுகிற வரைக்கும்.

ஆகவே உங்கள் பயம் மூளையின் கோளாறு அல்ல, நியாயமான பயம். ஆனால் நியாயமான பயமும் தூக்கத்தைத் தின்றால் உடம்பு கெடும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது தூக்கத்துக்கு. வீட்டுக்கு வேறு வைத்தியம். பணிக்கொடைச் சட்டப்படி, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் உங்களுக்குச் சேர வேண்டும். அதுவும் பி.எஃப். பணமும் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும், மருமகனின் கணக்குக்கு அல்ல. வீட்டுமனை மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்களோடு ஓய்வு பெறப்போகிற அத்தனை பேரும் ஒரே வேனில் போங்கள்.

தனியாகப் போக வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில், போனஸ் குறைந்ததற்காகத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்க ஆண் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வந்தது. கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. கூடவே இன்னொன்றும்: இத்தனை வருடம் அவரவர் லைன் வீட்டுக்குள் தனித்தனியாக விழித்துக் கிடந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரியும் விழித்துத்தான் கிடந்தாள் என்று தெரிந்துகொண்டார்கள்.

கூடலூரில் யானைப் பயம். காலையில் வேலைக்கு இறங்கும்போதே கை நடுங்குகிறது. இது மனநோயா?
– வாசகி, ஓவேலி

யானை இருக்கிற ஊரில் யானைக்குப் பயப்படுவது புத்தி. யானை இல்லாத இடத்திலும், மகள் வீட்டு மாடியில் திருப்பூரில் படுத்திருக்கும்போதும் கிளை முறியும் சத்தம் கேட்டு எழுந்து உட்காருகிறீர்கள் என்றால், அப்போது பயம் யானையை விட்டுத் தனியாக நடக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பேச்சு சிகிச்சை நன்றாகவே உதவும்.

வீட்டுக்காரர் தினமும் குடி. இருபத்தைந்து வருடமாகிறது. இப்போதுதான் எனக்கு எல்லாம் வெறுத்துப்போகிறது. இத்தனை நாள் தாங்கியவளுக்கு இப்போது என்ன வந்தது?
– வாசகி, குன்னூர்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இத்தனை நாள் அவர்களுக்காகத் தள்ளிவைத்த களைப்பு இப்போது மொத்தமாக வந்து வாசலில் நிற்கிறது.

2022 முதல் நம் மாவட்டத்தில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கிறார்கள். காடு கெடக்கூடாது என்று நீதிமன்றம் வரை போய் வந்த ஏற்பாடு, நல்லதுதான். பாட்டில் காலியான பிறகு வீட்டில் காலியாகிறவளைத் திரும்பப் பெற எந்தக் கவுன்டரும் இல்லை.

சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த மறு வருடமே, 1980-இல், சென்னையில் குடிநோய் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அங்கே குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை இல்லை, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். குடிநோயாளியின் மனைவியும் சிகிச்சை வேண்டியவர் என்று நாற்பது வருடம் முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் சிகிச்சைக்குப் போகலாம். அடி, உதை என்றால் 181-க்குப் போன் செய்யுங்கள்; அது டென்ஷன் இல்லை, குற்றம்.

மாமியார் ‘காத்து கருப்பு’ என்கிறார். கோயிலுக்குப் போய் மந்திரித்தால் போதுமாம். மருத்துவரா, சாமியா?
– வாசகி, மஞ்சூர்

சண்டை மூட்டாதீர்கள், இருவரும் பிழைக்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை, சங்கிலி கொன்றது. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில் அரசு மருத்துவர்கள் உட்கார்ந்து, துவா ஓதிவிட்டு வருகிறவர்களுக்கு மருந்தும் கொடுக்க ஏற்பாடு ஆனது. மாமியாரை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போங்கள். திரும்பும் வழியில் அவரையும் கூட்டிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். அவருக்கும் அந்த வயசு வந்து போயிருக்கும். அப்போது யாரும் அவரை அழைத்துப் போயிருக்க மாட்டார்கள்.

மனநல மாத்திரை சாப்பிட்டால் பழகிவிடுமாமே?
– வாசகி, வெலிங்டன்

மனச்சோர்வுக்கான மாத்திரை போதை தராது. வேலை காட்ட இரண்டு மூன்று வாரம் எடுக்கும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். பழகுவது எது தெரியுமா? மெடிக்கல் ஷாப்பில் ‘அந்தச் சின்னத் தூக்க மாத்திரை ஒரு அட்டை’ என்று சீட்டில்லாமல் வாங்குகிறோமே, அது. அதைப் பயமில்லாமல் விழுங்கிவிட்டு இதற்குப் பயப்படுகிறோம்.

மகன் பெங்களூரில், மகள் கோவையில். தேயிலைக்கு விலை இல்லை. வீட்டில் நானும் சுவரும். போன் செய்தால் ‘சாப்பிட்டியாம்மா?’ என்று கேட்டு வைத்துவிடுகிறார்கள். நான் வேண்டாதவள் ஆகிவிட்டேனா?
– வாசகி, கேத்தி

படுகர் ஊர்க்காரர் நீங்கள். பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் போயிருப்பீர்கள். ஹெத்தை என்றாலே பாட்டி. ஒரு பாட்டியைக் குலதெய்வமாக வைத்து மலையெல்லாம் கூடிக் கும்பிடுகிற சமூகம். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தாய்க்கும் தெய்வமான பாட்டிக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறதே, அதற்கு எந்தச் சமூகத்திலும் பண்டிகை இல்லை. வயசுக்கு வந்தால் பந்தல், சீர், தாய்மாமன் மாலை. மாசமானால் வளைகாப்பு. அறுபதாம் கல்யாணம்கூட வீட்டுக்காரரின் வயசைக் கணக்கு வைத்துத்தான். மாதவிலக்கு நின்றால்? பக்கத்து வீட்டுக்குச் சொல்லி ஒரு டம்ளர் காபிகூடக் குடித்ததில்லை நாம்.

வேண்டாதவள் ஆகவில்லை. வேலைக்காக மட்டும் வேண்டியிருந்த இடத்தில் வேலை குறைந்திருக்கிறது. ‘ஏதாவது பொழுதுபோக்கு பழகுங்கள்’ என்று உபதேசிக்க மாட்டேன், எரிச்சலாக இருக்கும். இதைச் செய்யுங்கள்: அடுத்த முறை மகன் ‘சாப்பிட்டியா?’ என்றால், ‘சாப்பிட்டேன், ஆனால் ருசிக்கவில்லை, ஒரு மாதமாகவே ருசிக்கவில்லை’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். நாமும் ‘ம், ஆச்சுப்பா’ என்று மூடிவிட்டு, அவர்கள் கேட்கவில்லை என்று சொல்கிறோம்.

செத்துப்போய்விடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறது. யாரிடமும் சொன்னதில்லை.
– பெயர், ஊர் வேண்டாம்

இப்போது சொல்லிவிட்டீர்கள். நல்லது. இன்றைக்கே இன்னொருவரிடம், குரலில் சொல்லுங்கள். 14416 டெலி மனஸ். இரவு பகல் எந்த நேரமும், தமிழில், காசில்லாமல் பேசலாம். 104-ம் இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரை இன்று ராத்திரி உங்களோடு தங்கச் சொல்லுங்கள். தோட்டத்து மருந்துகள் எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். வேறொருவர் பொறுப்பில், பூட்டி, சாவியும் அவரிடமே இருக்கட்டும். இந்த எண்ணம் அலைபோல ஏறி, இறங்கும். ஏறுகிற நேரத்தில் தனியாக இல்லாமலும், கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாமலும் இருந்தாலே பெரும்பாலோர் கடந்துவிடுகிறார்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று குடும்பம் பயந்தால் சொல்லுங்கள்: மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 தற்கொலை முயற்சியைக்கூடக் கடுமையான மன அழுத்தம் என்றே பார்க்கிறது, அதைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையோடு போய்விட்டது. உங்களுக்குச் சிகிச்சையும் அக்கறையும் கிடைக்க வேண்டும், அதுதான் சட்டம். உங்கள் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

சின்ன ஊர் இது. மனநலப் பிரிவுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்களே?
– வாசகி, உதகை

உங்களை அங்கே பார்த்தவர் எதற்கு அங்கே வந்தாராம்?

2022 ஜனவரியில் தொடங்கிய பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் ஊருடையதும் ஒன்று. அங்கே போகும் வழியில் சர்க்கரைக்காரர், எலும்பு முறிவுக்காரர், பல்வலிக்காரர் எல்லோரும் நடப்பார்கள்; யார் எந்தக் கதவுக்குத் திரும்புகிறார் என்று யாருக்கும் பார்க்க நேரமில்லை. அதுவும் கூச்சம் என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று பி.பி. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் வாசலிலேயே ‘தூக்கம் வரலைம்மா’ என்று தொடங்குங்கள். எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்வார். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிப் பெண்களுக்கு ‘அஸ்வினி’ ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. ஊருக்கே வந்து பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு உண்டு.

மனைவிக்கு 50 வயது. பாவம், ரொம்ப சோர்ந்திருக்கிறாள். ஒரு வாரம் ஊட்டிக்கு அழைத்து வரலாமென்று இருக்கிறேன். கிச்சன் வசதியுள்ள காட்டேஜாக ஒன்று சொல்லுங்களேன்.
– வாசகர், ஈரோடு

உங்களுக்குச் சமைக்கத் தெரியுமென்றால் சொல்கிறேன்.